மூன்று நாடா... இரண்டு ஆள்!

வீட்டைப் பிரித்துக் கட்டுவதற்கு நவம்பர், டிசம்பரைவிட மோசமான மாதம் காஞ்சிபுரத்தில் கிடையாது. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்காது. மார்கழியில் முகூர்த்தம் இல்லைதான். ஆனால், தை மாதக் கல்யாணங்களுக்கான பட்டுச்சேலைகள் அப்போதுதான் தறியில் இருக்கும்.

அந்த வீட்டின் மருமகளுக்கு இதோடு இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் பில் போடுகிற வேலை பகலில். இரவில் பி.காம் பாடம். 1985-ல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) ஜூன், டிசம்பர் என வருஷத்துக்கு இரண்டு முறை தேர்வு. இவருக்கு டிசம்பர். சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்பதால் கிறிஸ்துமஸுக்குள் பெயின்ட் அடித்து, ஸ்டார் தொங்கவிட வேண்டும். கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களை உட்காரவைக்க இடமும் வேண்டும்.

தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் ஒழுகிய கூரை. அக்டோபர் மழையில் ஓட்டின் வழியாக இறங்கிய தண்ணீர், தறியில் இருந்த பாவை நனைத்துவிட்டது. பட்டு இழையில் ஈரம் ஏறினால் நெசவு சீராக வராது. கூரையை மாற்றாமல் அடுத்த சேலையை ஏற்ற முடியாது.

14 நாள் கணக்கு

நவம்பர் கடைசியில் கான்கிரீட் தளம் போட்டார்கள். முட்டுகளைப் பிரிக்க 14 நாள் ஆகும் என்றார் கொத்தனார். தளத்தின் மேல் தண்ணீர் கட்டும் வேலையை மழையே பார்த்துக்கொண்டது, அது ஒன்றுதான் லாபம். கீழே சவுக்கு முட்டுகளுக்கு நடுவே தறி ஓட்ட முடியாது. சேலையை நெய்து கொடுத்தால்தான் நெசவாளிக்குக் கூலி. தறி நின்றால் வருமானமும் நின்றது.

அந்த நாட்களில்தான் கணவர் சொன்னார். "தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டுடலாம். ஹாலும் பெருசாகும். நான் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போறேன்."

புதிய யோசனை இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் போய்விட்டார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் என்பது சின்ன விஷயமும் இல்லை.

மருமகள் பாடநோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஒரு பக்கம் கம்பெனிச் சம்பளம். மறுபக்கம் நெசவுக்கூலி. 2023-ல் கைத்தறிக்கு உயர்த்தப்பட்ட, 2 மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரத்தையும் அந்தப் பக்கமே எழுதினார். அப்போதும் கம்பெனிப் பக்கம்தான் கனமாக இருந்தது. பிறகுதான் ஒரு ஆள் விடுபட்டிருப்பது தெரிந்தது. மாமியார்!

காஞ்சிப் பட்டின் கோர்வை நெசவில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என மூன்று ஓடும். தறியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரால் மூன்றையும் சமாளிக்க முடியாது. பக்கத்தில் இருந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். அந்த வீட்டில் அது மாமியாரின் வேலை. கூலி வருவதோ ஒருவர் பெயரில். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கைத்தறியில் இருக்கும் 35 லட்சம் பேரில் சுமார் 72 சதவிகிதம் பெண்கள்.

குழியை மூடினால் மகனுக்கு வேறு வேலை கிடைக்கும். அம்மாவுக்கு?

"அத்தை, நீங்க என்ன சொல்றீங்க?"

"என்னைக் கேட்கிறியா கண்ணு?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். "குழி இருக்கட்டும். தண்ணி ஊறாம மட்டும் கட்டச் சொல்லு."

கணவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து, "ஒரு வருஷம் பார்க்கலாம்" என்றார்.

தேர்வு என்ன ஆனது?

ஜூனில் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் மருமகள் நினைத்திருந்தார். தடுத்தவர் மாமியார். சமையலறையை அவர் எடுத்துக்கொண்டார். தறி இல்லாத கணவர் மணல், சிமென்ட், கொத்தனாருக்கு டீ என வீட்டு வேலையை முழுசாகப் பார்த்தார். தேர்வு நாட்களுக்குக் கடையில் லீவு சொல்வது மட்டும் மருமகளின் பொறுப்பு.

எல்லாம் முடியவில்லை. பெயின்ட் முன்னறைக்கு மட்டும்தான். பரண் அடுத்த வருஷத்துக்குப் போனது. டைல்ஸ் குழியைச் சுற்றி மட்டும். அதில் மிச்சமான பணத்தில் குழியின் உள்பக்கம் சிமென்ட் பூசி, விளிம்பை ஒரு செங்கல் உயரம் ஏற்றினார்கள்.

கேரல் பாட வந்தவர்களுக்குக் குழியின் மேல் பலகை போட்டு, அதன் மேல் பாய் விரித்தார்கள். பண்டிகை முடிந்த மறுநாள் பலகையை எடுத்துவிட்டுத் தறியைப் பூட்டினார்கள். மருமகளுக்கு இன்னும் ஒரு பேப்பர் பாக்கி இருந்தது.