பேபிக்கு வந்த பெட்டி

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பேத்தியைத் தமிழ்ப் பள்ளியில் விட்டால், பன்னிரண்டரைக்குத்தான் கூட்டிவர வேண்டும். இடையில் வீட்டுக்குப் போய்த் திரும்பலாம். அறுபது தாண்டியவனுக்கு லண்டனில் பஸ் இலவசம், முழங்கால் இலவசமில்லை. ஆகவே எட்மண்டன் கிரீன் ஸ்டேசனுக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் ஒரு தமிழ்க் கடையில் போய் இருந்துவிடுவேன்.

கடையின் முன்பாதி பலசரக்கு. பின்பாதியில் கண்ணாடித் தடுப்புப் போட்ட சின்னத் தபால் கவுண்டர். இரண்டுக்கும் நடுவில் சிவப்பரிசி மூட்டைகள், அவற்றின் அருகே ஒரு பிளாஸ்ரிக் கதிரை. “இருங்கோ அண்ணை” என்பார் கடைக்காரர். அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டார். நானும் ஒன்றும் சொல்லமாட்டேன். மூன்று வருடமாக எங்கள் சிநேகிதம் இப்படித்தான் பழுதில்லாமல் போகிறது.

கதிரையிலிருந்து பார்த்தால் வரிசை பக்கவாட்டில் தெரியும். முகங்கள் உயரத்தில் இருக்கும். கண்ணுக்கு நேரே வருவது கைகளும் பெட்டிகளும்தான். இன்று முதல் ஆள் ஒரு துருக்கிக்கார மூதாட்டி. கையில் கைக்குட்டையில் முடிந்த சில்லறை. அவருக்குப் பின்னால் தலையில் பூப்போட்ட துணி சுற்றிய கானாப் பெண், அக்ராவுக்குப் போகும் பொதியைக் காலால் தள்ளித் தள்ளி நகர்த்துகிறார். பிறகு மூன்று இளைஞர்கள். மூவரும் இணையத்தில் வாங்கிய சப்பாத்தையும் சட்டையையும் திருப்பி அனுப்ப வந்தவர்கள். முன்பு தபாலில் வந்ததை வைத்துக்கொள்வார்கள். இப்போது வரிசையில் பாதி, வந்ததை வேண்டாம் என்று சொல்லும் வரிசை.

“அண்ணா, என் பார்சல் வந்துருச்சா?” தமிழ்நாட்டுப் பொடியன். மாணவர் விசாவில் வந்தவன் போலிருக்கிறது.

“இன்னும் வரேல்லைத் தம்பி. திங்கள் பாப்பம்.”

“வரேல்லை” அவனுக்குப் பிடிபட ஒரு கணம் எடுக்கிறது. வெளியே போகும்போதே போனில் தாயிடம் சொல்கிறான். அந்தப் பக்கம் முகவரியில் ஏதோ குறை என்று சந்தேகம் போலும். “எதிர்ல ஒண்ணும் இல்லம்மா. கோயிலும் இல்ல, டேங்கும் இல்ல. போஸ்ட்கோடு போட்டீல்ல, அது போதும்.” தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்தில் மூன்றாவது வீடு என்று எழுதிப் பழகிய கை, ஐந்தாறு எழுத்தும் எண்ணும் கடல் தாண்டி ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கும் என்று எப்படி நம்பும்? ஆனால் கண்டுபிடிக்கும். இங்கே ஒரு முழு அஞ்சற்குறியீட்டுக்குள் சராசரி பதினைந்து வீடுகள்தான். வீட்டு இலக்கத்தையும் சேர்த்தால் கதவே தெரிந்துவிடும்.

அந்தக் குறியீட்டுக்கும் ஒரு வேடிக்கை உண்டு. கீழ் எட்மண்டன் என் 9, மேல் எட்மண்டன் என் 18. ஒட்டிக்கிடக்கும் ஒரே ஊருக்கு இடையில் ஒன்பது எண் வித்தியாசம் ஏன் விழுந்தது என்று வெகுகாலம் யோசித்திருக்கிறேன். 1917இல் லண்டன் வட்டாரங்களுக்கு எண் போட்டவர்கள், வட்டாரத்தின் தலைமைக் கந்தோருக்கு ஒன்று கொடுத்துவிட்டு மிச்ச ஊர்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கினார்கள். ‘லோயர்’ முன்னால் வந்தது, ‘அப்பர்’ கடைசிப் பக்கம் போனது. இதில் மேல் எட்மண்டன் வரைபடத்தில் கீழே, தெற்கில் இருக்கிறது. நிலம் எங்கே கிடக்கிறது என்று தபால் பார்க்கவில்லை. பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று பார்த்தது.

கந்தோர் என்று எழுதிவிட்டேன். ஒல்லாந்தர் 1796இல் இலங்கையை விட்டுப்போனபோது எங்கள் வாயில் மறந்து வைத்துவிட்டுப் போன சொல். நாங்கள் அதை லண்டன்வரை தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

பதினொன்றுக்குச் சற்று முன்னர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வரி கட்டச் சொல்லித் தபாலில் வந்த ஓர் அட்டையோடு வருகிறார். அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடிக்கிறார். “அம்மா எனக்கு அனுப்பின சாமானுக்கு நான் வரி கட்டுறதோ? இது என்ன நியாயம், தங்கச்சி?”

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைக்கு இருபது வயதிருக்கும். இங்கே பிறந்தவள். தமிழை, கண்ணாடிக் குவளை கழுவுவதுபோல, அவதானமாகக் கையாள்வாள். “அங்கிள், கிஃப்ட் எண்டா 39 பவுண்ஸ் வரைக்கும் ஃப்ரீ. உங்கட அம்மா கூட எழுதியிருக்கிறா.”

“அவ பெருமைக்கு எழுதியிருப்பா!”

வரிசையில் இரண்டு பேர் சிரிக்கிறார்கள். அவரும் சிரித்துவிட்டுக் காசை எடுக்கிறார். மகனுக்கு அனுப்புவது மலிவான சாமான் என்று எந்தத் தாய் கைப்பட எழுதுவாள்?

149ஆம் பஸ்ஸில் ஏறித் தெற்கே டொட்டன்ஹாமில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் புரூஸ் காசில் என்ற பழைய செங்கல் மாளிகை வரும். இப்போது நூதனசாலை. 1827இல் அங்கே குடும்பத்தோடு பள்ளிக்கூடம் நடத்த வந்தவர் ரோலண்ட் ஹில். அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பெரும்பாலும் பெறுபவரே காசு கட்டவேண்டும். தூரத்துக்கு ஏற்பவும் தாள்களின் எண்ணிக்கைக்கு ஏற்பவும் கூலி. ஏழைகள் கடிதத்தை வாங்கி வெளியே போட்டிருக்கும் இரகசியக் குறியைப் பார்த்து, ‘சுகமாக இருக்கிறான்’ என்று தெரிந்துகொண்டு, காசில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். நாங்கள் ஊருக்கு ஒரு மணி அடித்துவிட்டுத் தொலைபேசியை வைத்ததும் அதே வித்தைதான். ஹில் 1837இல் எழுதிய சிறுநூல் இந்த முறையைக் கவிழ்த்தது. 1840 மே மாதம் ஒரு பென்னி முத்திரை வந்தது. அனுப்புபவர் கட்டுவார், பெறுபவர் கைநீட்டி வாங்கினால் போதும். கண்ணாடிக்கு முன்னால் அட்டை பிடித்து நின்ற மனிதருக்கு, பஸ் ஓடும் தூரத்திலேயே, ஒரு கட்சிக்காரர் அன்றே இருந்திருக்கிறார்.

அட்டைக்காரருக்கு அடுத்து நின்றவர் ஐம்பதைத் தாண்டிய பெண். கறுப்புக் குளிர்ச்சட்டைக்குள் ஆஸ்பத்திரி வேலை உடுப்பின் நீல விளிம்பு. இரவு வேலை முடித்து நேரே வந்த கண்கள். அட்டையையும் சாரதி லைசென்சையும் ஒன்றாகக் கொடுத்தார்.

பிள்ளை உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தாள். மாலிபன் பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டி. காற்றுப் புக இடமில்லாமல் மண்ணிற ஒட்டுநாடா சுற்றியிருந்தது. ஒரு பக்கம் கிழிந்தாலும் மறுபக்கம் பேசட்டும் என்று நான்கு பக்கமும் முகவரி, தடித்த நீல மையில். எழுத்துக்கள் ஒவ்வொன்றும் ஊன்றுகோல் பிடித்து நடப்பதுபோல ஒரு சரிவு. மூலையில் வடமராட்சிப் பக்கத்து உபதபால் கந்தோரின் முத்திரை, பாதி மைதான் விழுந்திருந்தது.

பிள்ளை லைசென்சைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். மறுபடி லைசென்ஸ்.

“அன்ரி, இது உங்கட பேபிக்கோ?”

“எனக்குத்தான்.”

“இல்ல... பேர் பேபி எண்டிருக்கு.”

“நான்தான் பேபி.”

லைசென்சில் இருப்பது தாய் தகப்பன் நாள் பார்த்து வைத்த நீளப் பெயர். அதன் வாலில் கணவரின் பெயர். எங்கள் ஆட்களின் வீடுகளில் இது ஒரு தீராத குழப்பம். கணவருக்குக் குடும்பப் பெயராகப் போவது அவருடைய தகப்பனின் பெயர். மனைவிக்குக் கணவர் பெயர் அல்லது தன் தகப்பன் பெயர். பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயர். ஒரே சோற்றுப்பானையில் சாப்பிடும் ஐந்து பேர், தபால்காரருக்கு மூன்று குடும்பம். 2001இல் நான் இருந்த வீட்டில் ஒன்பது ஆண்கள், ஒன்பது குடும்பப் பெயர். கதவுத் துளையால் மண்ணிற உறை விழும் சத்தம் கேட்டால் மேல்மாடியில் நித்திரையில் இருப்பவனும் எழும்பி வருவான். ஹோம் ஒபிஸ் கடிதமாக இருக்கலாம். யாருடையது என்று முதலில் எடுத்தவன் வாசிப்பான். பெயருக்கு உரியவன் படியிலேயே உட்கார்ந்துவிடுவான். வதிவிட அட்டைகள் 2024 முடிவோடு காலாவதியாகி, எல்லாம் மின்விசா ஆகிவிட்டது. இப்போதைய பொடியன்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு அதே பயத்தைச் சத்தமில்லாமல் பயப்படுகிறார்கள்.

“அம்மாட்டைக் கேட்டுத் தாறன்” என்று அந்தப் பெண் போனை எடுத்தார். அங்கே பின்னேரம் நாலரை. மணி போய்க்கொண்டே இருந்தது.

1993இல், போரின் நடுவே, யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலால் இரவுப் படகில் நான் வெளியேறியபோது என் பைக்குள் முப்பத்தொரு கடிதம் இருந்தது. ஒன்றும் என்னுடையதில்லை. யாரோ கொழும்புக்குப் போகிறார் என்று தெரிந்தால் ஊரே கடிதம் எழுதும். கொழும்பில் முத்திரை ஒட்டிப் போட்டுவிட வேண்டும். லண்டன், பாரிஸ், ரொறன்ரோ. உறைகளில் எல்லாம் பாஸ்போட்டில் உள்ள பெயரை ஆரையாவது பிடித்து ஆங்கிலத்தில் எழுதுவித்திருந்தார்கள். ஒன்று ஈரத்தில் ஒட்டு விட்டுத் திறந்துகொண்டது. படிக்கக்கூடாது என்று மடித்தேன். முதல் வரி கண்ணில் பட்டுவிட்டது. ‘அன்புள்ள சின்னராசு’. வெளியே தபால்காரனுக்கு ஒரு பெயர், உள்ளே பிள்ளைக்கு ஒரு பெயர். செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்திப் படிவம் உறையில்லாமல் திறந்தபடி போகும். குடும்ப விசயம் மட்டுந்தான் எழுதலாம். அதிலும் மேலே முழுப் பெயர், கீழே செய்தியில் வீட்டுப்பெயர். கடிதம் என்றால் இரண்டுக்கும் இடம் இருந்தது. பெட்டிக்கு உள்ளே பெயர் எழுத இடமில்லை. அந்தக் கிழவி உள்ளே எழுதவேண்டிய பெயரை வெளியே எழுதிவிட்டாள்.

“ஹலோ, ஆரது?” ஒலிபெருக்கியில் கிழவியின் குரல் கடை முழுதும் விழுந்தது.

“அம்மா, பெட்டி வந்திட்டுது. பேர் பிழையாம். இந்தப் பிள்ளையோட கதையுங்கோ.”

“என்ன பிழை? பேபிக்குத்தானே அனுப்பினனான். பிள்ளை, பேபி எண்டா ஊருக்கே தெரியும். கேட்டுப்பார்!”

ஊரைக் கேட்பதற்காக வரிசையைப் பார்ப்பதுபோல அந்தப் பிள்ளை எங்களைப் பார்த்தாள். துருக்கிப் பாட்டி, வேலை முடிந்தும் போகாமல் நின்று, இது ஏதோ தாய் மகள் விவகாரம் என்று விளங்கிக்கொண்டு தலையை ஆட்டினார். “மனேஜரைக் கேக்கிறன் அன்ரி” என்று பிள்ளை உள்ளே போனாள். அந்தப் பெண் வரிசையை விட்டு விலகி, கறிவேப்பிலைக் கட்டுகளுக்கு முன்னால் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

எட்மண்டனுக்கு இரண்டு பெயர்க்காரர்கள் புதிதல்ல. ஆங்கிலக் கட்டுரையாளர் சார்ல்ஸ் லாம்ப் இங்கேதான் கடைசியாகக் குடியிருந்தார். 1834 டிசம்பரில் இறந்து, ஓல் செயின்ற்ஸ் தேவாலய முற்றத்தில் கிடக்கிறார். பெயருக்கு ஆட்டுக்குட்டி என்று அர்த்தம். கட்டுரைகளில் போட்டுக்கொண்ட பெயர் எலியா. கிழக்கிந்தியக் கம்பனிக் கந்தோரில் 1792 முதல் 1825 வரை கணக்கு எழுதிய கிளார்க். சிட்னியில் இருந்த நண்பருக்கு எழுதுவதுபோல 1822இல் ஒரு கட்டுரை எழுதினார். எழுதுகிறவனின் ‘இப்போது’ கப்பலில் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடுகிறதே, மாதக்கணக்கில் கடல் தாண்டும் கடிதத்தில் எதைத்தான் உண்மை என்று எழுதுவது என்பது அவர் கவலை. செய்தி கெட்டுப்போகும் என்று கவலைப்பட்டார். கூப்பிடும் பெயர் கெடுமா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

கடைக்காரர் குளிர் அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார். பெட்டியை ஒரு பக்கம் பார்த்து, திருப்பி, மறுபக்கம் பார்த்து, வகுப்பில் இடாப்பு வாசிக்கும் வாத்தியாரின் குரலில் வாசித்தார்.

“பேபி!”

“ஓம்” என்று அந்தப் பெண் திரும்பினார். யோசித்துத் திரும்பியதல்ல, முதலில் உடம்பு திரும்பியது, பிறகுதான் முகத்துக்கு வெட்கம் வந்தது.

கடைக்காரர் லைசென்சில் உள்ள முகவரியையும் பெட்டியில் உள்ளதையும் விரலால் ஒத்துப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். “விலாசம் சரி. கையெழுத்து வாங்கிப்போட்டுக் குடு.”

சின்னத் திரையில் விரலால் கையெழுத்து. லைசென்சில் உள்ள நீளப் பெயரைத்தான் போட்டார். பேபிக்கு வந்த பெட்டியை வேறொருத்தி பொறுப்பேற்றாள். பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்தார், குழந்தையை வைப்பதுபோல என்று எழுதத் தோன்றுகிறது. உண்மையில் தண்ணீர்க் குடத்தை வைப்பதுபோலத்தான் வைத்தார், பழகிய சரிவோடு. போகிற வழியில் ஒரு பக்கற் கடுகு எடுத்துக் காசு கொடுத்தார். பெட்டிக்குள் கடுகு இருக்காது என்று தெரிந்திருக்கிறது.

பன்னிரண்டு இருபதுக்கு எழும்பினேன். “போட்டு வாங்கோ அண்ணை” என்றார் கடைக்காரர். பேத்தி பள்ளி வாசலில் நின்றாள். கொப்பியில் தன் பெயரைத் தமிழில் பத்துமுறை எழுதியிருந்தாள், எட்டுச் சரி. பாட்டி இருந்திருந்தால் எப்படிக் கூப்பிட்டிருப்பா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

வீட்டுக்கதவைத் திறந்தபோது கால்மிதியில் மூன்று கடிதங்கள் கிடந்தன. தண்ணீர்க் கட்டணம், வங்கி, பல்வைத்தியர். மூன்றிலும் என் முழுப் பெயர், ஓரெழுத்துப் பிசகாமல்.