யாரு சீட்டு அனுப்புவா?

அக்கா ராத்திரி பத்து மணிக்கு மேல போன் பண்ணினா ஒண்ணு யாருக்காவது உடம்பு சரியில்லைன்னு அர்த்தம், இல்லைன்னா அத்தான் கூட சண்டைன்னு அர்த்தம். போன ஏப்ரல்ல வந்த போன் ரெண்டுலயும் சேர்த்தி இல்லை.

"ஏலே, இவன் வேலைய விட்டுட்டாம்ல. பாட்டுப் பாடப் போறானாம். நீதான அந்த வேலைல சேத்துவிட்ட? நீயே போய்க் கேளு."

இவன்ங்கறது அக்கா மகன். பெங்களூர்ல எங்க வீட்ல இருந்து எட்டு கிலோமீட்டர்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். அவன் ரெஸ்யூமைத் திருத்தி, நண்பர் ஒருத்தர் கைல கால்ல விழுந்து, பொட்டி தட்டுற உத்தியோகம் வாங்கிக் கொடுத்தது அடியேன்தான். ரெண்டு வருஷம் ஒழுங்கா ஆணி புடுங்கிக்கிட்டு இருந்தவன், எனக்கே சொல்லாம பேப்பர் போட்டிருக்கான். எரிச்சலா இருக்குமா இருக்காதா, நீங்களே சொல்லுங்க.

போன் போட்டேன். "மாமா, சனிக்கிழமை எங்க பேண்ட் வாசிக்குது. நீங்க வாங்க, அங்கயே பேசிக்கலாம்"னான். என்ன என்ன சொல்லணும்னு மனசுக்குள்ள பட்டியல் போட்டுக்கிட்டுக் கிளம்பினேன். தங்கமணி வரலைன்னுட்டா. "நீங்க திட்டப் போறீங்க, நான் எதுக்கு நடுவுல?"

இடம் ஒரு பழைய பங்களாவோட தோட்டம். கோடைக்காக ஒரு சின்ன இசை விழா. டிக்கெட் 200 ரூபாய், கைல ஒரு முத்திரை. மொத்தம் நாலு பேண்ட். முதல் நாள் பேஞ்ச மாங்காய் மழையில மண்ணு இன்னும் ஈரமா இருந்தது. கரும்புச் சாறு ஒரு பக்கம், சுட்ட சோளம் ஒரு பக்கம், நடுவுல ஒரு நூத்தம்பது பேர். பாதிப் பேர் புல்தரையில காலை நீட்டி உக்காந்திருந்தாங்க. எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டாங்க. வயசு தெரிஞ்சு போச்சு போல :-)

இந்த 'இண்டி'ங்கற வார்த்தை எனக்கு ரொம்ப நாளா புரியாம இருந்தது. விஷயம் சிம்பிள்தான். சினிமாவையும் பெரிய இசை கம்பெனியையும் நம்பாம, தன் பாட்டைத் தானே எழுதி, தானே வாசிச்சு, தானே விக்கறது. எண்பது தொண்ணூறுகள்ல நம்ம நாட்டு ராக் குழுக்கள் பெரும்பாலும் அடுத்தவங்க பாட்டைத்தான் வாசிச்சாங்க. காலேஜ் விழா மேடையில டீப் பர்ப்பிளை எவ்வளவு அச்சு அசலா வாசிக்கறாங்களோ அவ்வளவு கைதட்டு. சொந்தப் பாட்டு ஆரம்பிச்சா பசங்க கேன்டீனுக்கு எழுந்து போயிடுவாங்க.

பெங்களூர்ல அதை மாத்தினவங்கள்ல முக்கியமானவங்க 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்'. 1996ல ஆரம்பிச்ச குழு. பேருக்குப் பின்னாடி ஒரு கதை சொல்லுவாங்க. குழுவுல மூணு பேர் முழு மலையாளிகள், நாலாவது ஆள் கால்வாசி மலையாளி. 'த்ரீ மல்'லு தெர்மல் ஆச்சாம், கால்வாசி குவார்ட்டர் ஆச்சாம். அப்புறம் மைசூர்ல 2002ல கிளம்பின 'ஸ்வராத்மா', 2008ல முதல் ஆல்பம் போட்ட ரகு தீட்சித், அதே வருஷம் மலையாளத்துல ராக் ஆல்பம் கொண்டுவந்த 'அவியல்'. இங்கிலீஷ்லதான் ராக் பாடணும்ங்கற நெனப்பு இவங்களால கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சது. நம்ம பக்கம் 2018 ஜனவரியில சென்னையில முதல் கச்சேரி பண்ணின 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராக்கையும் ஒரே மேடைல ஏத்தினாங்க. சினிமாவே இல்லாம ஒரு தமிழ்ப் பாட்டு ஊரையே ஆட வைக்கும்னு 2021ல 'என்ஜாய் எஞ்சாமி' காட்டிச்சு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? இங்கதான் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

நானும் ஒரு காலத்துல மேடை ஏறினவன்தான். பாளையங்கோட்டையில காலேஜ் படிக்கும்போது ஒரு மெல்லிசைக் குழுவுல ரெண்டாவது கீபோர்டு. எங்க பக்கம் சித்திரை பொறந்தா அம்மன் கோயில் கொடைதான். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, கரகாட்டம் எல்லாம் போக, ஒரு ராத்திரி எங்க கச்சேரி. பத்து மணிக்கு ஆரம்பிச்சா முடிய ரெண்டு மணி ஆகும். எனக்குச் சம்பளம் 150 ரூபாய், ஒரு புரோட்டா பார்சல்.

கச்சேரியை நடத்தறது நாங்க இல்லை, துண்டுச் சீட்டுதான். சிகரெட் அட்டையில, காலண்டர் தாள்ல எழுதி மேடைக்கு வரும். பாட்டு பேரு, கீழ 'அன்புடன் கீழத்தெரு நண்பர்கள்'. கீழத்தெருவுக்கு ரஜினி பாட்டு போட்டா மேலத்தெருவுக்குக் கமல் பாட்டு போட்டே ஆகணும். இல்லைன்னா ட்யூப் லைட் உடையும்.

1996ல நண்பன் ஒருத்தன் எட்டு வரி எழுதிக் கொடுத்தான். அதுக்கு நான் மெட்டுப் போட்டேன். ராத்திரி எல்லாம் தூங்காம போட்ட மெட்டு. குழுவை நடத்தின அண்ணாச்சிக்கு வாசிச்சுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முழுசாக் கேட்டார். அப்புறம் சொன்னார்:

"ஏலே, நல்லாத்தாம்ல இருக்கு. ஆனா இதுக்கு யாரு சீட்டு அனுப்புவா?"

அண்ணாச்சி மேல இன்னைக்கு வரைக்கும் எனக்குக் கோவம் கிடையாது. பதினஞ்சு குடும்பம் அவரை நம்பி இருந்தது. கேட்ட பாட்டைப் போடலைன்னா கமிட்டிக்காரங்க மீதிப் பணத்துல கை வைப்பாங்க. அவர் கணக்கு சரிதான். ஆனா அதுக்கப்புறம் நான் ஒரு மெட்டும் போடலை. 1999ல கீபோர்டை வித்து கம்ப்யூட்டர் கோர்ஸுக்குப் பீஸ் கட்டினேன். அந்தக் கோர்ஸ்தான் என்னை இங்க கொண்டுவந்து விட்டது.

சரி, தோட்டத்துக்குத் திரும்புவோம்.

முதல்ல ஒரு கன்னடக் குழு, அப்புறம் ஒரு ஆங்கிலக் குழு, மூணாவது ஒரு மலையாளக் குழு. நம்ம பய குழு கடைசி. கித்தாரும் பாட்டும் இவன். டிரம்ஸ் ஹூப்ளி பையன், பாஸ் கித்தார் ஒரு திருச்சூர் பொண்ணு, வயலின் கோயம்புத்தூர் பையன். இவங்க மேடை ஏறும்போது மணி ஒன்பது அஞ்சு. ஓரமா ஒரு கான்ஸ்டபிள் நின்னு வாட்ச்சைப் பாத்துக்கிட்டு இருந்தார்.

அவர் பாக்கறதுல தப்பு இல்லை. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி திறந்தவெளியில ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் ஸ்பீக்கர் கூடாது. வருஷத்துல 15 நாளுக்கு மிகாம, விழாக்களுக்காக 12 மணி வரைக்கும் மாநில அரசு தளர்த்தலாம், அவ்வளவுதான். குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. சரி, உள்ள போய் வாசிக்கலாமேன்னா, பெங்களூர்ல பார், ஓட்டல்ல நேரடி இசைக்கு 2005 உத்தரவுப்படி தனி லைசென்ஸ் வேணும். 2018 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்திடுச்சு. அந்த வருஷம் பல பப்கள்ல மேடையைத் தூக்கிட்டாங்க. அதனாலதான் புதுசா வர்ற பசங்களுக்கு இந்த மாதிரித் தோட்டமும் மொட்டை மாடியும் முக்கியமாப் போச்சு.

ரெண்டு பாட்டு ஆச்சு. பின்னாடி இருந்து ஒரு குரல், நல்ல தமிழ்ல: "தம்பி, ஒரு ரஜினி பாட்டு போடுப்பா!"

எனக்கு வயித்துல ஏதோ பண்ணிச்சு. இருபது முப்பது வருஷம் ஆனாலும் அந்தக் குரல் மாறலை பாருங்க.

பய சிரிச்சுக்கிட்டே மைக்ல சொன்னான்: "அண்ணே, அது எல்லா இடத்துலயும் கிடைக்கும்ணே. இது இங்க மட்டும்தான் கிடைக்கும்."

கேட்டவரும் சேர்ந்து சிரிச்சார். ட்யூப் லைட் எதுவும் உடையலை. அடுத்த பாட்டு ஓடிச்சு. எல்லாம் அருமைன்னு சொல்ல மாட்டேன். ஒண்ணு ரொம்ப நீளம். இன்னொண்ணுல வயலின் இல்லாம இருந்திருந்தா நல்லா இருக்கும்.

ஆனா ஒரு பாட்டு இருந்தது. சாயங்காலம் சவுண்ட் செக் பண்ணும்போது பாதி கேட்டேன். பேரு 'வெயிட்டிங் லிஸ்ட் 42'. பொங்கலுக்கு முந்தின ராத்திரி நாகர்கோவில் ரயில்ல டிக்கெட் உறுதியாகாம, கழிவறை பக்கத்துல பேப்பரை விரிச்சு உக்காந்து ஊருக்குப் போறவனோட பாட்டு. ஓசூர் தாண்டினதும் தமிழ் போர்டைப் பாத்துட்டு எழுந்து நிக்கறான். இந்த ஊருக்கு வந்த புதுசுல நான் அப்படிப் போயிருக்கேன். அதைப் பத்தி எந்த சினிமாவுலயும் நான் பாட்டுக் கேட்டதில்லை. கேட்டதில்லைங்கறதே அன்னைக்குத்தான் உறைச்சது.

மணி 9.50. "இன்னும் ஒரு பாட்டுக்குத்தான் நேரம் இருக்கு"ன்னு பய மத்த மூணு பேரையும் பாத்துப் பேசிக்கிட்டு இருந்தான். எனக்கு என்ன தோணிச்சோ, பாக்கெட்ல இருந்த பார்க்கிங் டோக்கனை எடுத்து, பின்பக்கம் எழுதினேன். 'வெயிட்டிங் லிஸ்ட் 42. அன்புடன், பாளையங்கோட்டை நண்பர்கள்.' அங்க நின்ன வாலண்டியர் பொண்ணு கிட்ட கொடுத்து மேடைக்கு அனுப்பினேன்.

பய அதை வாங்கிப் படிச்சான். ரெண்டு தடவை படிச்சான். கூட்டத்துல என்னைத் தேடினான். வெளிச்சம் கண்ணுல அடிச்சதால தெரிஞ்சிருக்காது. வாசிச்சாங்க. 9.58க்கு முடிஞ்சது. கான்ஸ்டபிள் தலையை ஆட்டிட்டுக் கிளம்பினார்.

அண்ணாச்சியோட கேள்விக்கு அன்னைக்குத்தான் எனக்குப் பதில் கிடைச்சது. தெரிஞ்ச பாட்டுக்குத்தான் சீட்டு வரும். புதுப் பாட்டைத் தெரிய வைக்கற வேலையை நம்ம ஊர்ல சினிமா பாத்துக்கிட்டது. சினிமா இல்லைன்னா முதல் தடவை யாரும் கேக்காமலே வாசிச்சுத்தான் ஆகணும். அப்பக் கேட்டவங்கள்ல ஒருத்தன் ரெண்டாவது தடவை வந்து சீட்டு அனுப்புவான். நாங்க அந்த முதல் தடவையை வாசிக்கவே இல்லை.

அதுக்காக நான் உருகிப் போய் எல்லாத்தையும் மறந்துட்டேன்னு நினைக்காதீங்க. ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கிட்டு வெளிய வரும்போது கேட்டேன். "எவ்வளவுல கிடைச்சது?" பய மறைக்காம சொன்னான். டிக்கெட்ல வந்தது 30,000. மேடைக்கும் சவுண்டுக்கும் 18,000. மீதி 12,000 நாலு பேண்டுக்கு. இவங்க பங்கு 3,000, நாலு பேருக்கு ஆளுக்கு 750.

"ஆட்டோவுக்கு?"

"அறுநூறு மாமா."

ரெண்டு பேருமே சிரிச்சுட்டோம். அப்புறம் ரோட்டோரம் நின்னு ஒரு மணி நேரம் பேசினோம். வாரத்துல நாலு நாள் அபார்ட்மெண்ட் பசங்களுக்கு கித்தார் சொல்லிக் கொடுக்கறான். வாடகையும் சாப்பாடும் அதுல ஓடிடும். எட்டு மாசத்துக்குச் சேமிப்பு இருக்கு. எல்லாம் யோசிச்சுத்தான் விட்டிருக்கான். எனக்கு ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "நீங்க வேண்டாம்னு சொன்னா நான் விட்டிருக்க மாட்டேன் மாமா. அதான் சொல்லலை."

மனசுல போட்டு வச்சிருந்த பட்டியல்ல அதுக்குப் பதில் இல்லை.

ரெண்டே ரெண்டு விஷயம் மட்டும் சொன்னேன். மெடிக்கல் இன்சூரன்ஸ் இல்லாம இருக்காதே. அடுத்த ஏப்ரல்ல உக்காந்து கணக்குப் பாப்போம், கடன் வாங்கற நிலை வந்தா அன்னைக்கு வேலை தேடணும். சரின்னான்.

மறுநாள் காலைல அக்கா. "பேசினியா? என்ன சொன்னான்?"

"ஒரு வருஷம் போகட்டும்க்கா"ன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "உன்னையப் போய் அனுப்பினேன் பாரு"ன்னுட்டு வச்சுட்டா. மூணு வாரம் பேசலை. அவ பயமும் நியாயமானதுதான். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கும்போது 'பையன் என்ன பண்றான்'னு கேட்டா, பதில் சொல்ல வேண்டியது அவதான், நான் இல்லை.

பி.கு: போன வாரம் அக்கா கூப்பிட்டா. ஊர்க் கதை எல்லாம் பேசி முடிச்சு, வைக்கப் போற நேரத்துல, "ஏலே, அந்த ரயில் பாட்டாமே, அத போன்ல எப்படிக் கேக்கறது?"ன்னா. லிங்க் அனுப்பியிருக்கேன். கேட்டாளான்னு இன்னும் தெரியலை. நானும் கேக்கலை.