அம்மாவின் வியாழக்கிழமைகள்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனபோது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் பல் டாக்குத்தரின் அப்பொயின்ட்மென்ட் கார்ட், மற்றப் பக்கம் கோயில் தேர்த்திருவிழா நோட்டீஸ், நடுவில் இது.

"என்னம்மா இது?"

"பாங்க்கால வந்தது பிள்ளை. என்னவோ விளம்பரம் போலக் கிடக்கு. நீ வரேக்க காட்டுவம் எண்டு வைச்சனான்."

விளம்பரம் இல்லை. அம்மா இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் போய்வருகிற கிளையை மூடப் போகிறார்கள் என்று எழுதியிருந்தது. அந்தக் கிளையின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் ஏற்கனவே ஒன்லைனிலும் தங்கள் அலுவல்களைப் பார்க்கிறார்கள் என்றும் இருந்தது. வாசித்து முடித்துவிட்டு, "பரவாயில்லை அம்மா, இப்ப எல்லாம் ஃபோனிலேயே செய்யலாம். நான் ஆப் போட்டுத் தாறன்" என்றேன். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவள். எனக்கு வாயில் அதுதான் வந்தது.

"அப்ப வியாழக்கிழமை எங்க போறது?" என்று அம்மா கேட்டா. பகிடி விடுகிறா என்று நினைத்துச் சிரித்தேன்.

அந்தக் கவுண்டரை எனக்கு ஒன்பது வயதிலிருந்து தெரியும். உங்களில் பலருக்கும் இப்படி ஒரு கவுண்டர் ஞாபகத்தில் இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வங்கிப் பெண், இந்தப் பக்கம் அம்மா, நடுவில் மொழிபெயர்ப்பாளராக நான். 'ஸ்டாண்டிங் ஓர்டர்' என்றால் என்ன என்று எனக்கே தெரியாது, அதைத் தமிழில் அம்மாவுக்கு விளங்கப்படுத்த வேண்டும். ஒருமுறை கணக்கில் காசு போதாமல் தண்டம் வெட்டிவிட்டார்கள். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "அவை கொஞ்சக் காசு எடுத்திட்டினம் அம்மா" என்றேன். "ஆர் எடுத்தது? ஏன் எடுத்தது?" என்று அம்மா சத்தமாகக் கேட்டா. பின்னால் வரிசையில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் வெட்கப்பட்டதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பிறகு அம்மா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தா. தன் பெயரில் தனிக்கணக்குத் திறந்தா. வியாழக்கிழமைகளில் வேலை அரைநாளோடு முடியும். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, நல்ல கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போவா. எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது ஒருநாள் வாசலில் என்னை நிறுத்தி, "நீ இதில நில். நான் கதைச்சிட்டு வாறன்" என்று தனியே உள்ளே போனா. பத்து நிமிஷத்தில் வெளியே வந்து, ஒன்றும் சொல்லாமல் எனக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தா. அதற்குப் பிறகு வங்கி விஷயத்துக்கு அம்மா என்னைக் கூப்பிட்டதே இல்லை.

அப்பா காலமான பிறகு கூட்டுக் கணக்கை மாற்றுவதற்காக ஒருமுறை இரண்டு பேரும் போனோம். எங்களை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போய் இருத்தினார்கள். அந்தப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தே ஆறுதலாகப் பேசினா. என்னைப் பார்த்துப் பேசவில்லை. அது அம்மாவின் கணக்கு, அம்மாவின் துக்கம் என்று அவவுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வருஷம், "வரிக் கந்தோரிலிருந்து கதைக்கிறோம், உடனே கட்டாவிட்டால் பொலிஸ் வரும்" என்று யாரோ ஃபோனில் வெருட்ட, அம்மா எனக்கும் சொல்லாமல் வங்கிக்கு ஓடியிருக்கிறா. வழமைக்கு மாறாகப் பெரிய தொகை கேட்டதும் கவுண்டரில் இருந்தவ, "இது யாருக்கு, என்னத்துக்கு?" என்று கேட்டுக் காசைக் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறா. பிரித்தானிய வங்கிகளில் இதற்கென்று ஒரு நடைமுறையே இருக்கிறது. வாடிக்கையாளரை யாரோ ஏமாற்றுவதாகச் சந்தேகம் வந்தால் கிளை ஊழியர்கள் பொலிசை அழைக்கலாம். 2016 இல் லண்டனில் தொடங்கி பிறகு நாடு முழுவதும் வந்தது. செயலியிலும் எச்சரிக்கை வரும்தான். ஆனால் பயந்துபோன ஒரு மனுஷி அந்தச் சின்ன எழுத்தை வாசிக்க மாட்டா. எதிரில் இருக்கிற ஆள் கேட்டால் பதில் சொல்லுவா.

2015 இலிருந்து பிரித்தானியாவில் 6000 இற்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகள் மூடப்பட்டிருப்பதாக 'விச்?' என்ற நுகர்வோர் அமைப்பு கணக்கு வைத்திருக்கிறது. ஆட்கள் வருவது குறைந்துவிட்டது என்று வங்கிகள் சொல்வதும் பொய்யில்லை. நானே எத்தனையோ வருஷமாக ஒரு கிளைக்குள் கால் வைக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைத் திரும்ப வாசித்தபோது ஒன்று உறைத்தது. 2020 ஊரடங்கு நேரம் நான்தான் அம்மாவின் கணக்கை ஒன்லைனில் பதிந்துவிட்டேன். இரண்டு மூன்று தடவை நானே உள்ளே போய் மீதியும் பார்த்திருக்கிறேன். 'ஏற்கனவே ஒன்லைனில் இருக்கிறார்கள்' என்ற கணக்கில் அம்மாவும் ஒரு தலையாக எண்ணப்பட்டிருக்கக்கூடும். என் தொழிலில் நாங்களும் இப்படித்தான் எண்ணுகிறோம். யார் உள்ளே வந்தார்கள் என்பது பதிவாகும். வர முடியாமல் திரும்பிப் போனவர்கள் எங்கேயும் பதிவாவதில்லை.

கிளை மூடிய பிறகு எங்கள் சனங்களைச் சுற்றியே சின்னச் சின்னச் சிக்கல்கள் வந்தன. சித்தப்பாவின் கடை அதே வீதியில்தான். முன்பு மத்தியானத்தில் ஒரு எட்டு நடந்து அன்றைய காசைக் கட்டிவிட்டு, சில்லறையும் மாற்றிக்கொண்டு வருவார். இப்போது காசுப் பையோடு காரில் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். அந்த நேரம் சித்தி தனியாகக் கடையில் நிற்கிறா. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பொருளாளர் மாறியபோது, கையெழுத்துப் போடுகிற ஆட்களை மாற்றுவதற்குப் பட்ட பாடு பெரிய கதை. முன்பு மூன்று பேர் பாஸ்போர்ட்டோடு கிளைக்குப் போனால் முடிகிற வேலை அது.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். செயலி அவவோடு ஒத்துப்போகவில்லை. கண்ணாடி போட்டால் முகத்தைத் தெரியவில்லை என்றது, கழற்றினால் அம்மாவுக்கு எழுத்துத் தெரியவில்லை. கடவுச்சொல்லை மூன்று தரம் பிழையாக அடித்துக் கணக்கு பூட்டுப்பட்டது. நான் மீட்டிங்கில் இருக்கும்போது, "பிள்ளை, ஆறு நம்பர் ஒண்டு வந்திருக்கு, ஆருக்கும் சொல்லாதை எண்டும் போட்டிருக்கு. உனக்குச் சொல்லலாமோ?" என்று அழைப்பு வரும். கடைசியில் பொறுமை இழந்து, அம்மாவின் கணக்கை என் ஃபோனிலேயே போட்டுக்கொண்டேன். அது பிழை என்று எனக்குத் தெரியும். அவசரத்துக்கு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் பழைய கணக்கு விபரங்களைப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை தவறாமல் 150 பவுண்ட் கவுண்டரில் எடுக்கப்பட்டிருந்தது. கிளை மூடிய மாதத்தோடு அது நின்றுவிட்டது. யாராவது ஏமாற்றினார்களோ, இல்லை அம்மாவுக்குக் காசு முடையோ என்று எனக்குப் பயம். அன்று பின்னேரமே போய்க் கேட்டேன்.

அம்மா கோப்பை கழுவிக்கொண்டு நின்றா. திரும்பவில்லை.

"நீ பாப்பாய் எண்டு தெரியும்" என்றா.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னா. அம்மாவோடு படித்த சிநேகிதி ஒருவர் கிளிநொச்சியில் இருக்கிறார். 2009 இல் கணவரை இழந்தவர். அவருடைய மகளின் படிப்புக்கு அம்மா தன் சம்பளத்திலிருந்து காசு அனுப்பி வந்திருக்கிறா. ஆரம்பத்தில் அப்பாவிடம் சொன்னபோது, "எங்கட கடனே முடியேல்ல" என்று சண்டை வந்ததாம். அதோடு பேச்சை விட்டுவிட்டு, அனுப்புவதை மட்டும் விடாமல் செய்திருக்கிறா. வங்கியில் காசை எடுத்து, நாலு கடை தள்ளி இருக்கிற எங்கள் ஆளின் காசு அனுப்பும் கடையில் கொடுத்துவிட்டு, ஒரு பிளேன் டீ குடித்துவிட்டு வீடு வருவது. அதுதான் வியாழக்கிழமை.

"ஏனம்மா நிப்பாட்டினீங்கள்? மெஷினில எடுத்திருக்கலாமே?"

"மெஷினில எடுத்தாலும் உன்ர ஃபோனில மணி அடிக்குமெல்லோ. நீ என்னத்துக்கு எண்டு கேப்பாய். உனக்கும் வீட்டுக் கடன், பிள்ளையளின்ர செலவு. அம்மா ஊருக்கு அள்ளிக் குடுக்கிறா எண்டு நினைப்பாய்."

கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பிள்ளை மூண்டு மாசமா என்ன செய்யுதோ தெரியேல்ல" என்றா.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் கேட்டிருக்க மாட்டேன் என்று சொல்லலாம். ஆனால் இப்போது கேட்டுக்கொண்டுதானே நின்றேன். கிளை மூடியது வங்கியின் முடிவு. அம்மாவின் காசுக்கு நான் காவல்காரியானது என் வேலை. பதின்மூன்று வயதில் என்னை வாசலில் நிறுத்திவிட்டுத் தனியே உள்ளே போன மனுஷியை நான் உதவி என்ற பெயரில் திரும்ப ஒன்பது வயதுக் கவுண்டருக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அன்றிரவே என் ஃபோனிலிருந்து அம்மாவின் கணக்கை எடுத்தேன். கடவுச்சொற்களை மாற்றினோம். மாதக் கணக்கறிக்கை பழையபடி தபாலில் வரச் செய்தோம்.

பிறகுதான் ஒழுங்காக விசாரித்தேன். உங்கள் வீட்டிலும் இது வரலாம் என்பதால் எழுதுகிறேன்.

பெரும்பாலான வங்கிகளின் வாடிக்கையாளர்கள் போஸ்ட் ஒஃபிஸ் கவுண்டரிலேயே கார்டைக் கொடுத்துக் காசு எடுக்கலாம், கட்டலாம், மீதி பார்க்கலாம். சில ஊர்களில் 'பாங்கிங் ஹப்' என்று பொது இடங்கள் வந்திருக்கின்றன. 2021 இல் ரோச்ஃபோர்ட், கம்பஸ்லாங் என்ற இரண்டு ஊர்களில் சோதனையாகத் தொடங்கியவை. கவுண்டரைப் போஸ்ட் ஒஃபிஸ் நடத்தும், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வங்கியின் ஆள் வந்திருப்பார். எங்கள் பகுதியில் வேறு வங்கிகளின் கிளைகள் இன்னும் இருப்பதால் ஹப் வரவில்லை. அந்தக் கிளைகளால் அம்மாவுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்பது வேறு கதை.

2024 செப்டம்பர் 18 இலிருந்து புதிய விதிகளும் நடைமுறையில் உள்ளன. கிளையை மூடுவதால் அந்த ஊரில் காசு எடுப்பதும் கட்டுவதும் கஷ்டமாகுமா என்று முதலில் ஆராய வேண்டும். பெரிய இடைவெளி இருந்தால் மாற்று ஒழுங்கு வந்த பிறகே மூடலாம். இப்படி ஆராயும்படி ஊரில் இருக்கிறவர்களும் சங்கங்களும் 'லிங்க்' என்ற அமைப்பிடம் கேட்கலாம். ஆனால் இந்த விதிகள் காப்பாற்றுவது காசு கிடைக்கும் வழியைத்தான். கிளையையே மூடக்கூடாது என்று தடுக்கும் அதிகாரம் அவற்றில் இல்லை. எங்கள் கடைக்காரர்களும் கோயில்களும் தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் கடிதம் வந்த கிழமையே சேர்ந்து கேட்டால்தான் பலன். நாங்கள் மூடிய பிறகு விழித்தோம்.

அம்மா அப்பாவின் கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அது வங்கியின் நிபந்தனைக்கு மாறானது, மோசடி நடந்தால் அவர்களுக்கே பாதகமாகலாம். உதவி தேவையென்றால் வங்கியிலேயே எழுத்தில் அனுமதி கொடுக்கும் முறை இருக்கிறது. எதைச் செய்யலாம் என்பதை அதில் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் நினைவு தடுமாறிச் சுயமாக முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் அந்த அனுமதி செல்லாது. அதற்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'லாஸ்டிங் பவர் ஒஃப் அட்டர்னி' வேண்டும். அதை அவர்கள் தெளிவாக இருக்கும்போதே எழுதிப் பதிய வேண்டும். நாங்கள் எழுதிவிட்டோம். பத்திரம் அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது. எப்போது வெளியில் எடுப்பது என்பதை அம்மாதான் சொல்லுவா.

இப்போது அம்மா பஸ் எடுத்துப் 'தபால் கந்தோருக்கு'ப் போகிறா. முதல் இரண்டு தடவை நான் வாசல்வரை போனேன். அங்கே இருக்கக் கதிரை இல்லை, வரிசை நீளம், பழைய கவுண்டர்க்காரிபோல யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று குறை சொல்கிறா. முழங்கால் நோவு கூடினால் இதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. ஆனாலும் கோட் போட்டுக்கொண்டு போகிறா.

இதை எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "பேர் ஒண்டும் போடாதை" என்றா.

போன வியாழக்கிழமை வேலையில் இருக்கும்போது அழைப்பு வந்தது. "பிள்ளை, வந்த அலுவல் முடிஞ்சுது. பஸ்ஸுக்கு நிக்கிறன்."

"என்ன அலுவல் அம்மா?"

"அது உனக்கென்னத்துக்கு?"