திருகும் தெளிவும்

ஒலிபெருக்கிப் பெட்டியில் ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. அதனை யாவரும் அறிவோம். அதன் அருகே 'பாஸ்', 'டிரெபிள்' என்று இரண்டு திருகுகள் இருப்பதையும் பலர் கண்டிருப்பர். முன்னது தடித்த ஒலிகளை ஆள்வது. பின்னது கூரிய ஒலிகளை ஆள்வது. மிருதங்கத்தின் தொப்பி முழக்கம் முன்னதன் ஆட்சி. சகரத்தின் சீறல் பின்னதன் ஆட்சி.

இத்திருகுகளைப் பற்றி நான் எண்ணத் தொடங்கியது டில்லிக்கு வந்த பின்னரே. சென்ற பொங்கல் விழாவில் சொற்பொழிவு முடிந்ததும், கடைசி வரிசையில் இருந்த முதியவர் ஒருவர், "தம்பி, யார் பேசினார் என்று தெரிந்தது, என்ன பேசினார் என்றுதான் தெரியவில்லை" என்றார். அரிதாகக் கேட்கும் தமிழ்ப் பேச்சு அவருக்கு வெறும் முழக்கமாய்ப் போயிற்று!

அதற்குக் காரணம் உண்டு. பேச்சின் வலிமை பெரிதும் உயிரொலிகளில், தாழ்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. மெய்யொலிகளோ வலிமை குன்றியவை. வினாடிக்கு 1,000 முதல் 4,000 வரையான அதிர்வுகளே அவற்றை இனங்காணப் பெரிதும் உதவுகின்றன. மண்டபத்தில் உயர்ந்த ஒலி திரைகளிலும் மக்களின் உடைகளிலும் விரைவில் அடங்கிவிடும். தாழ்ந்த ஒலி சுவருக்குச் சுவர் மோதி நெடுநேரம் நிற்கும். ஆகவே மெய்யை உயிர் மூழ்கடித்துவிடுகிறது.

ஓசையைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும். தாழ்ந்த ஒலியை மட்டும் குறைப்பதே வழி. அதற்கு மூன்றே உறுப்புகள் போதும். 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்றை ஒலி செல்லும் வழியில் வைத்தேன். அதற்கு அப்பால் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றை 'எர்த்' கம்பியுடன் இணைத்தேன். மின்தேக்கியின் இரு முனைகளுக்கும் குறுக்கே 100 கிலோ ஓம் மாறுதடை, அதுவே திருகு. செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் இவற்றை வாங்க ஒரு சிற்றுண்டிச் செலவே ஆயிற்று.

மின்தேக்கி விரைந்த அதிர்வுகளுக்கு வழிவிடும், மெதுவானவற்றைத் தடுக்கும். மாறுதடை சுழியத்தில் நின்றால் எல்லா ஒலியும் உள்ளபடி செல்லும். முழுதும் திருப்பினால், ஏறத்தாழ 175 அதிர்வுகளுக்குக் கீழே குறைவு மிகுந்து, மிகத் தாழ்ந்த ஒலி 11-இல் ஒரு பங்காகிவிடும். இதனினும் சிறந்த அமைப்பைப் பீட்டர் பாக்ஸண்டால் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1952-இல் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளியிட்டார். அதில் பாஸ், டிரெபிள் இரண்டையும் கூட்டலாம், குறைக்கலாம். திருகுகள் நடுவில் நின்றால் மாற்றம் இல்லை. நம் தேவை கூட்டுவதன்று, குறைப்பதே. ஆதலின் எளியதே போதுமென்று கொண்டேன்.

வெறும் மண்டபத்தில் சோதித்தோம். ஒரு தோழி மேடையில் நின்று 'கல்', 'பல்', 'வாழை', 'வாளை' என்று சொற்களைப் படிக்க, கடைசி வரிசையில் ஒரு நண்பன் கேட்டபடி எழுதினான். திருகைத் திருப்பியபின் அவன் தாளில் பிழைகள் குறைந்தன. கல் கல்லாயிற்று, பல் பல்லாயிற்று. வாழையும் வாளையும் மட்டும் ஒன்றாகவே நின்றன. அதற்குத் திருகு என்ன செய்யும்? இல்லாத ஒலியை எந்தச் சுற்றும் உண்டாக்காது. உள்ளதை மறைப்பதை விலக்கத்தான் அதனால் இயலும்.

நண்பர்களே, அடுத்த விழாவுக்குப் பெட்டியை நான் கொண்டு வருகிறேன். ழகரத்தை நீங்கள் கொண்டு வாருங்கள்!