கோர்வை

இசைக்கும் நெசவுக்கும் பொதுவாய் வழங்கும் சொற்களுள் 'கோர்வை' என்பது ஒன்று. தாளக் கணக்குகளைத் தொடுத்து, முடிவில் ஒரு சொற்கட்டை மும்முறை அடுக்கி நிறுத்துவதைச் சங்கீத வித்துவான்கள் கோர்வை என்பர். சேலையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து இணைப்பதைக் காஞ்சிபுரத்து நெசவாளர் கோர்வை என்பர். யாம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் குடியிற் பிறந்தோமாதலின் பின்னதை முதலிலும், முன்னதைப் பிடில் கற்கப் புகுந்த பின்னருமே அறிந்தோம். இரண்டும் ஒரே தன்மையின என்பதை எமக்கு உணர்த்தியது ஓர் இசைத்தொகுப்பு.

விடுதித் தோழர் ஒருவர் ஓரிரவு அதனைத் தம் கைப்பேசியில் ஒலிக்கச் செய்தார். 1984-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கான்வர்சேஷன்ஸ்', அஃதாவது உரையாடல்கள், என்பது அதன் பெயர். வாசித்தோர் பிடில் வித்துவான் இருவர். ஒருவர் ஸ்தெபான் கிராப்பெல்லி. 1908-இல் பாரிசில் தோன்றி 1997-இல் மறைந்த இவர், 1934-இல் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கித்தார் கலைஞரோடு கூடி, முரசின்றிக் கித்தார்கள் தாளம் காக்கப் பிடில் தலைமை தாங்கும் 'ஸ்விங்' இசையைப் புகழுறச் செய்தவர். மற்றவர் எல். சுப்பிரமணியம். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த லட்சுமிநாராயண ஐயரின் புதல்வர். மருத்துவப் பட்டமும் பெற்றவர்.

ஸ்விங் என்பது யாது? நம் முறையிற் கூறின், 'தகிட' என்னும் மூன்றனுள் நடுவெழுத்தை ஒலிக்காது விட்டால் எஞ்சும் நெடிலும் குறிலுமான நடை அதற்கு மிக நெருங்கியது. நடப்பவன் ஒரு காலைச் சற்றே தாழ்த்தி வைப்பது போன்ற துள்ளல் அதிலுண்டு. மேனாட்டார் நின்று, மோவாயின்கீழ்ப் பிடிலை இடுக்கி வாசிப்பர். நம்மவர் தரையிலமர்ந்து, பிடிலின் தலையைக் கணுக்காலின்மேல் ஊன்றி, இடக்கை தடையின்றி வழுக்கிக் கமகம் பேசுமாறு வாசிப்பர். இத்துணை வேறுபட்ட இருவரும் ஒரு தொகுப்பில் கூடியும், ஒருவர் மற்றவராக முயன்றிலர். ஒருவர் குரல் மேலெழும்போது மற்றவர் தாழ்ந்து தாங்கினார். பின் முறை மாறினார்.

இத்தகைய இணைப்பு நம் நாட்டிற்குப் புதிதன்று. பிடிலை நம் சங்கீதத்திற்குக் கொணர்ந்தோருள் முதல்வராகிய பாலுசுவாமி தீட்சிதர் அதனை ஐரோப்பியரிடமே பயின்றார். அவர் தமையனார் முத்துசுவாமி தீட்சிதர், மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். அவற்றுள் ஒன்று எம்மூர் ஏகாம்பரநாதர்மேல் அமைந்தது. அண்மைக் காலத்தில் சுப்பிரமணியத்தின் இளவலாகிய எல். சங்கர், ஜான் மக்லாஃப்லினின் கித்தாரோடு 'சக்தி' குழுவில் வாசித்தார். 1979-இல் ஃபிராங்க் ஜாப்பாவின் துணையோடு ராக் இசையிலும் புகுந்தார்.

இவற்றையெல்லாம் நண்பர்க்கு ஆர்வத்தோடு விளக்கினோம். அவரோ, "உங்கள் வீட்டிலும் தறி உண்டாமே, தாங்கள் அதில் என்ன செய்வீர்கள்?" என வினவினார். "ஒன்றுமில்லை" என்று கூறிவிட்டோம். அது பொய்.

கோர்வைச் சேலைக்கு நாடா மூன்று, ஆள் இருவர். உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகட்கு இரண்டும் ஓடும். ஒவ்வோர் ஊடையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று பற்றித் திரும்பவேண்டும். ஆதலால் தந்தையார்க்கு எதிர்ப்புறக் கரையில் நாடா வாங்கிப் போட ஒருவர் வேண்டும். பள்ளி விடுமுறைதோறும் அவ்விடத்தில் அமர்ந்தவர் யாமே. சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று எம்மூரார் பெருமை பேசுவர். அவ்வுறுதிக்கு அவ்விரண்டாம் கையும் காரணம். அதனை ஏவலாள் வேலையென எண்ணி யாம் நாணினோம். கல்லூரிக்கு வந்த பின்னர், துணையின்மையால் தந்தையார் கோர்வையை விடுத்து ஒற்றை நாடாச் சேலையே நெய்யலாயினர். கூலியும் குறைந்தது. அது பற்றி அவர் எமக்கு ஒரு சொல்லும் உரைத்திலர்.

அன்றிரவு அத்தொகுப்பை மீண்டும் கேட்டோம். இம்முறை மேலெழும் குரலை விடுத்து, கீழிருந்து தாங்கும் பிடிலையே செவி தொடர்ந்தது. அத்துணைப் புகழ் வாய்ந்த இருவரும் மாறி மாறி ஏற்ற அவ்விடத்தையன்றோ யாம் இழிவென மறைத்தோம்! கிராப்பெல்லியின் தந்தை, தம் உடையை அடகு வைத்து மகனுக்குச் சிறு பிடில் வாங்கித் தந்தாரென்பர். எம் பிடிலும் எங்கிருந்து வந்ததென அப்போதுதான் எண்ணினோம். அது கோர்வைச் சேலைகளின் கூலியில் வந்தது.

சென்ற விடுமுறையில் ஊர் சென்று, கேளாமலே எதிர்ப்புறம் அமர்ந்தோம். தந்தையார் ஒன்றும் வினவாது கரைக்கு அரக்கு நிறப் பாவு பூட்டினார். மாலையில் அவ்விசையை அவர்க்குக் கேட்பித்தோம். நெடுநேரம் கேட்டிருந்து, "இதில் உடல் யார், கரை யார்?" என்றார்.

"மாறி மாறி வருகிறார்கள், அப்பா" என்றோம்.

"அப்படியானால் பிரியாது" என்று கூறி, அவர் நாடாவை எம்பால் விடுத்தார்.