மூடி வைத்த குழி

இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில், ஃப்ரோம் என்ற ஊருக்கு அருகே ஒரு வயல். 2010 ஏப்ரலில் அங்கே மெட்டல் டிடெக்டரோடு நடந்துகொண்டிருந்த டேவ் கிரிஸ்ப், மருத்துவமனைச் சமையல்காரர். கருவி ஒலித்த இடத்தைத் தோண்டியவருக்குக் களிமண்ணோடு ஒட்டிய ஒரு சின்ன ரோமானிய நாணயம் அகப்பட்டது. இன்னும் கொஞ்சம் தோண்ட, மண்பானையின் மேற்பகுதி தெரிந்தது. இந்தத் தேடலில் இறங்கிய எவரும் ஆயுள் முழுக்கக் காத்திருக்கும் நேரம் அது. அவரோ குழியை மண் போட்டு மூடிவிட்டுத் தொல்லியலாளர்களுக்குத் தகவல் சொன்னார்.

பானைக்குள் இருந்தவை 52,503 நாணயங்கள். எடை ஏறத்தாழ 160 கிலோ. தொல்லியலாளர்கள் அவற்றை அடுக்கடுக்காக எடுத்து, எந்த அடுக்கில் எவை என்று தனித்தனியே பைகளில் கட்டினார்கள். அந்தப் பொறுமையின் பலன் நாணயங்களைத் தரம் பிரித்தபோது தெரிந்தது. கி.பி. 286இல் ரோமை எதிர்த்துக்கொண்டு பிரிட்டனைத் தனியாக ஆளத் தொடங்கிய கடற்படைத் தளபதி காராசியஸ். அவனுடைய நாணயங்கள் மட்டும் அங்கே எழுநூறுக்கு மேல் இருந்தன. பானையிலேயே காலத்தால் பிந்தியவை அவை. உண்டியல் போல ஆண்டுதோறும் போட்டு நிரப்பியிருந்தால் அவை மேலே கிடந்திருக்க வேண்டும். பெரும்பாலானவை பாதிக்குக் கீழே கிடந்தன. ஆக, எல்லாம் ஒரே சமயத்தில் கொட்டப்பட்டவை. நிரப்பிய பிறகு இவ்வளவு கனத்தைத் தூக்கினால் அந்த மெல்லிய பானை உடைந்துவிடும் என்பதால், முதலில் அதைப் புதைத்து, பிறகுதான் நிரப்பியிருக்க வேண்டும். யாரோ ஒருவர் திரும்பி வந்து எடுத்துக்கொள்ள மறைத்த பணமாக இல்லாமல், பலர் சேர்ந்து தெய்வத்துக்கு இட்ட காணிக்கையாக இருக்கலாம் என்ற கருத்தை பிரிட்டிஷ் மியூசியத்தின் ரோஜர் பிளாண்ட் முன்வைத்தார்.

கிரிஸ்ப் அன்றே கையை விட்டு அள்ளியிருந்தாலும் நாணயங்கள் அத்தனையும் கிடைத்திருக்கும். இந்தச் செய்தி கிடைத்திருக்காது.

கருவியில் மாயம் எதுவும் இல்லை. கம்பிச் சுருளில் ஓடும் மின்சாரம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மண்ணிலுள்ள உலோகம் அதைக் கலைக்கிறது. அந்தக் கலைவு காதில் ஒலியாக விழுகிறது. நாணயம் அளவுள்ள பொருள் ஒரு சாணுக்குக் கீழே போய்விட்டால் பெரும்பாலான கருவிகள் தடுமாறும். இரும்புக்குத் தாழ்ந்த கரகரப்பு, வெள்ளிக்குத் தெளிந்த உயர்ந்த ஒலி என்று காது பழகிவிடும். பழக்கத்துக்கு அடங்காதது தங்கம்தான். மெல்லிய தங்க மோதிரமும் பீர் டப்பாவைத் திறக்கும் அலுமினிய வளையமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும். குப்பையைத் தோண்டச் சலித்தவர் தங்கத்தையும் தாண்டிப் போய்விடுவார்.

நாள் முழுக்க நடந்தால் சேர்வது பித்தான், ஈயக் குண்டு, உடைந்த கொக்கி. உழவுமண்ணில் இருப்பவை கலப்பை பலமுறை புரட்டிப்போட்டவை. கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு அவற்றை எடுப்பதால் இழப்பு அதிகமில்லை. உழவு எட்டாத ஆழத்தில், மண்ணின் நிறமும் இறுக்கமும் மாறுகிற இடத்தில் ஒலி வந்தால் அங்கே கை நிற்க வேண்டும். தேர்ச்சி என்பது அங்கேதான் சோதிக்கப்படுகிறது.

1979 நவம்பரில் நார்ஃபோக் மாவட்டத்தின் தெட்ஃபோர்டில் கை நிற்கவில்லை. அனுமதியில்லாமல் ஒரு கட்டுமான மனையில் தேடியவருக்குத் தங்க மோதிரங்களும் வெள்ளிக் கரண்டிகளும் கிடைத்தன. ஃபானஸ் என்ற பழைய ரோமானிய தெய்வத்தின் பெயர் பொறித்த கரண்டிகள் அவை. செய்தி அதிகாரிகளுக்கு எட்ட மாதங்கள் ஆயின. அதற்குள் அந்த இடத்தில் கட்டடம் எழும்பிவிட்டது. அவற்றோடு நாணயங்களும் இருந்தனவா என்ற கேள்விக்கு இனி மண்ணிடம் பதில் கேட்க முடியாது.

1992இல் சஃபோக்கின் ஹாக்ஸ்னில் நடந்தது நேர்மாறு. விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுக்கப் போன எரிக் லாஸ், கொஞ்சம் பொன்னும் வெள்ளியும் வெளிவந்ததுமே நிறுத்திக்கொண்டார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து முழுவதையும் முறையாக எடுத்தார்கள். அதனால்தான் எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்ததும், பாத்திரங்களுக்கு இடையே வைக்கோல் திணித்திருந்ததும் தெரிய வந்தன. அந்தப் பெட்டியில் மிளகு தூவும் வெள்ளிச் சிமிழ்கள் நான்கு. 5ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் ஒரு செல்வர் வீட்டு விருந்துக்குத் தென்னிந்திய மேற்குக் கரையின் மிளகு போயிருக்கிறது.

1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம், புதையல் எனக் கருதத்தக்கதை 14 நாட்களுக்குள் அறிவிக்கச் சொல்கிறது. தனியாகக் கிடைத்த ஒற்றை நாணயத்தையோ சாதாரண வெண்கல ஊசியையோ அது பெரும்பாலும் கேட்பதில்லை. அவற்றைப் பதிவு அலுவலரிடம் காட்டுவது கண்டெடுத்தவரின் மனத்தைப் பொறுத்தது. அப்படிப் பதிவானவை இன்று 15 லட்சத்துக்கும் மேல் என்பது நெகிழ வைக்கும் செய்தி.

சட்டம் கேட்காத துண்டுகள் என்ன செய்யும் என்பதற்கு சஃபோக்கின் ரெண்டில்ஷம் சாட்சி. கிழக்கு ஆங்கிலிய அரசர்களின் இருப்பிடமாக அந்த ஊரை 8ஆம் நூற்றாண்டில் துறவி பீட் எழுதிவைத்தார். அந்த இருப்பிடம் எங்கே இருந்தது என்பது மட்டும் பிடிபடவில்லை. இரவில் திருட்டுத்தனமாகத் தோண்டுபவர்களால் நில உரிமையாளர் நொந்துபோயிருந்தார். அதையடுத்து, 2008 முதல் அனுபவமுள்ள நான்கு டிடெக்டர்காரர்கள் தொல்லியலாளர்களோடு சேர்ந்து அந்த வயல்களில் இறங்கினார்கள். 150 ஹெக்டேர் பரப்பை ஆண்டுக்கணக்கில் வரிசை வரிசையாக நடந்து, கிடைத்த ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்தார்கள். 2014 வரை வெளியே மூச்சுவிடவில்லை. பொன் நாணயங்கள் கொஞ்சம். உருக்கும்போது சிந்திய வெண்கலத் துளிகள், எடைக்கற்கள், வேலை முடியாத அணிகலன்கள் நிறைய. கொல்லர் உலை எங்கே, வணிகம் எங்கே, பெரிய வீடு எங்கே என்று வரைபடத்தில் புள்ளிகள் திரண்டன. 2022இல் அங்கே அகழ்ந்தபோது, 23 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமுமான அரச மண்டபம் ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது.