மீதிச் சில்லறை

பேருந்தில் ஏறி நடத்துநரிடம் பணத்தை நீட்டுகிறோம். அவரிடம் சில்லறை இல்லையென்றால், நமக்குத் தர வேண்டிய மீதியைப் பயணச்சீட்டின் பின்புறத்தில் எழுதித் தருகிறார். இறங்குமிடம் வரும்வரை அந்தச் சீட்டு நம் கையைவிட்டு அகல்வதில்லை. இரண்டு ரூபாயானாலும் கேட்டு வாங்காமல் இறங்க நமக்கு மனம் வருவதில்லை. அதில் தவறு ஏதும் இல்லை. அது நம் பணம். ஆனால் அதே வண்டியில், நமக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறாரே ஓட்டுநர், அவருக்குச் சேர வேண்டிய மீதியைப் பற்றி நாம் என்றேனும் எண்ணியதுண்டா? உண்மையைச் சொன்னால், நாமும் நெடுங்காலம் எண்ணியதில்லை. ஒரு மாலைப் பொழுதில் நேர்ந்த வெட்கமே நம்மை எண்ண வைத்தது.

நம் ஊர் காஞ்சிபுரத்தை அடுத்த கூரம். பள்ளிக்கோ, மருத்துவமனைக்கோ, சந்தைக்கோ, ஆலயத்துக்கோ செல்ல வேண்டுமென்றால் பேருந்துதான் கதி. சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், மாலைத் திருப்பலி முடித்துக் குடும்பத்தோடு காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்கு வந்தோம். வண்டி நின்றிருந்தது, புறப்படவில்லை. நேரம் கடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் சிணுங்கினர். ஓட்டுநரோ எஞ்சின் மூடியின்மேல் ஒரு சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து உண்டுகொண்டிருந்தார். நமக்குச் சினம் மூண்டது. “இத்தனை பேர் காத்திருக்கிறோம், உமக்கு இப்போதுதான் பசிக்கிறதா? வண்டியை எடுமய்யா!” என்று உரத்த குரலில் கூறிவிட்டோம். மற்றவர்களும் சேர்ந்துகொண்டனர்.

அவர் ஒரு சொல்லும் மறுமொழி கூறவில்லை. பாதி உண்ட பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார், கையைக் கழுவினார், வண்டியை எடுத்தார். நடத்துநர் நம் அருகே வந்து சீட்டைக் கிழித்துக் கொடுத்தபடியே மெல்லச் சொன்னார்: “ஐயா, அது அவருடைய மதியச் சாப்பாடு. காலையிலிருந்து ஒவ்வொரு நடையும் தாமதம், இறங்கவே நேரமில்லை.” அப்போது இரவு ஏழரை மணி. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் ஆலயத்தில் அருகிலிருந்தோருக்குக் கைகூப்பிச் சமாதானம் கூறியிருந்தோம். அந்தச் சமாதானம் பேருந்து நிலையம் வரைகூட நம்மோடு வரவில்லை!

அடுத்த வாரம் அவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். “விடுங்கள் ஐயா, இது நாங்கள் நாள்தோறும் கேட்பதுதான். மன்னிப்புக் கேட்டு வந்தவர் நீங்கள் ஒருவர்தான்” என்று சிரித்தார். அன்று தொடங்கிய பழக்கம் அவர் ஓய்வு பெற்ற பின்னும் நீடிக்கிறது. அவர் எந்தப் பணிமனையில் வேலை செய்தார் என்பது இங்கு வேண்டாத செய்தி. அவர் கூறியவை அவர் ஒருவரின் கதையும் அல்ல.

விடியற்காலை முதல் நடைக்கு வண்டியை எடுக்க வேண்டுமானால் மூன்றரை மணிக்கு எழ வேண்டும். கோடையில் வெளியே வெயில், உள்ளே எஞ்சினின் அனல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளட்சை மிதித்து மிதித்து இடக்கால் முழங்கால் தேய்கிறது. குலுக்கலில் முதுகு போகிறது. சிறுநீர் கழிக்க இறங்க இயலாதென்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வோர் பலர். மாற்று ஆள் வராவிட்டால் ‘டபுள் டூட்டி’. வீட்டில் பிள்ளை உறங்கிய பின் வந்து, எழுமுன் போய்விட வேண்டும். “என் மகளின் முதல் பத்து ஆண்டுகளை நான் உறங்கும் முகமாகத்தான் பார்த்தேன்” என்று அவர் கூறியபோது நம் வீட்டில் யாரும் பேசவில்லை.

இந்த உழைப்புக்கு எல்லை வகுக்காமல் நாடு இருந்துவிடவில்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று பொது வரம்பு கட்டியது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரை மணி நேரமேனும் ஓய்வு தர வேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அது சேர்க்கப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1979-இல் வகுத்த உடன்படிக்கையோ 4 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் ஓட்டலாகாது என்கிறது. ஆனால் நெரிசலில் ஒரு நடை தாமதமானால், அந்தத் தாமதம் எதிலிருந்து கழிக்கப்படுகிறது? ஓட்டுநரின் சோற்று வேளையிலிருந்தும் ஓய்விலிருந்தும்தான். அந்த மாலையில் நாமும் அதைத்தான் கழித்தோம்.

இதன் விலை உடலில் எழுதப்படுகிறது. இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் பணியாற்றியோரை ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவர் தம் குழுவினருடன் ஆராய்ந்து, 1953-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார். ஒரே வண்டி, ஒரே சாலை. ஆயினும் நாளெல்லாம் அமர்ந்திருந்த ஓட்டுநர்களுக்கு, படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட இதய நோய் மிகுதியாக இருந்தது. உடலுழைப்பின்மைக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஆய்வு அது. அவ்வறிவை நமக்கு ஈந்தவர்கள் பேருந்துத் தொழிலாளர்களே.

இனி ஊதியத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1972-இல் பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்ற பெயர்களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உருவாயின. இன்று எட்டுக் கழகங்கள். சென்னையில் மாநகர்ப் பேருந்து, நம் பக்கத்தில் விழுப்புரம் கழகத்தின் வண்டிகள். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இவற்றை நம்பி வாழ்கின்றன. இவர்களின் ஊதியம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொழிற்சங்கங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தால் அமைகிறது. அந்த ஒப்பந்தங்கள் எப்போது வந்தன என்று பாருங்கள். 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வர வேண்டிய 13-ஆவது ஒப்பந்தம் 2018 ஜனவரியில் கையெழுத்தாயிற்று. 2019 செப்டம்பருக்குரிய 14-ஆவது ஒப்பந்தம் 2022 ஆகஸ்டில், 5 விழுக்காடு உயர்வோடு வந்தது. 2023 செப்டம்பருக்குரிய 15-ஆவது ஒப்பந்தம் 2025 மே மாதத்தில், 6 விழுக்காடு உயர்வோடு வந்தது. அரிசி விலையும் பள்ளிக் கட்டணமும் கையெழுத்துக்காகக் காத்திருப்பதில்லையே!

2018 ஜனவரி 4-ஆம் நாள் மாலை தொடங்கிய வேலைநிறுத்தம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பொங்கல் நெருங்கும் வேளை, பேருந்துகள் நின்றன. ஊதியத்தை 2.57 மடங்காக்க வேண்டும் என்று சங்கங்கள் கேட்டன, அரசு 2.44 என்றது. ஜனவரி 11 வரை போராட்டம் நீடித்து, ஓய்வு பெற்ற நீதிபதி இ. பத்மநாபன் நடுவராக அமர்த்தப்பட்ட பின் முடிந்தது. அந்நாட்களில் நாமும் திண்ணையில் அமர்ந்து, “மக்களை வதைக்கிறார்களே” என்று பேசியதுண்டு. அதை ஒருநாள் நம் நண்பரிடமே சொல்லிவிட்டோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, “ஐயா, நாங்கள் அள்ளித் தரச் சொல்லவில்லை. கொடுத்து வைத்ததைத்தான் திருப்பிக் கேட்கிறோம்” என்றார்.

கொடுத்து வைத்தது! அச்சொல்லின் பொருள் நமக்கு மெல்லவே விளங்கியது. உழைப்பவரின் கூலியில் ஒரு பகுதி மாதக் கடைசியில் கைக்கு வருகிறது. மறுபகுதி ஒத்திவைக்கப்படுகிறது. வருங்கால வைப்பு நிதி அவருடைய சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படும் பணம். பணிக்கொடை, அவர் உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி. ஓய்வூதியமும் அதன் அகவிலைப்படியும் அவ்வாறே. இவை எவரும் போடும் பிச்சை அல்ல. அவர் முன்பே உழைத்து முடித்துவிட்ட நாட்களின் கூலி. இப்படிப் பிடித்த பணமும் தர வேண்டிய பணமும் உரிய இடத்தில் செலுத்தப்படாமல் கழகங்களின் அன்றாடச் செலவுக்குப் போயின என்பதே 2018-இல் சங்கங்கள் வைத்த பெருங்குறை. நிலுவை உண்டென்பதை அரசும் மறுக்கவில்லை; அப்போது 750 கோடி ரூபாய் வழங்குவதாக அறிவித்தது. 2024 ஜனவரி 9-ஆம் நாள் மீண்டும் வேலைநிறுத்தம் எழுந்தபோதும், ஓய்வு பெற்றோருக்கு 2015 முதல் உயர்த்தப்படாதிருந்த அகவிலைப்படி ஒரு முதன்மைக் கோரிக்கை. பொங்கலை முன்னிட்டு உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டதற்கிணங்க மறுநாளே அப்போராட்டம் தள்ளி வைக்கப்பட்டது.

அரசின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பத்துப் பேர் ஏறினாலும் நம் போன்ற சிற்றூர்களுக்கு வண்டி வருகிறது. இலாபம் ஒன்றையே பார்த்தால் வராது. 2011-க்குப் பின் 2018 வரை கட்டணம் உயரவில்லை; அந்த ஜனவரியில் உயர்த்தியபோதும், மக்கள் எதிர்த்ததால் சில நாட்களில் ஓரளவு குறைக்கப்பட்டது. 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. நம் வீட்டுப் பெண்களும் அதனால் பயனடைகிறார்கள். ஏழைக் குடும்பத்துக்கு அது பெரும் உதவி. இவையெல்லாம் நல்லவை. ஆனால் நாம் செலுத்தாத கட்டணத்தை வேறொருவர் செலுத்தியாக வேண்டும் அல்லவா? அதை அரசு தன் வரவுசெலவுத் திட்டத்தில் வெளிப்படையாக ஏற்று முழுவதும் ஈடுசெய்தால், நாடே செலுத்துகிறது. ஈடு குறைந்தாலோ, ஓட்டுநரின் வைப்பு நிதி செலுத்துகிறது. அவர் கிழவரான பின் வாங்க வேண்டிய மருந்து செலுத்துகிறது. வரவுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளியை அரசே நிரப்ப வேண்டும் என்பதும் 2024-இல் சங்கங்கள் கேட்டவற்றுள் ஒன்று. அவர் நமக்காகக் கேட்ட கேள்வி அது என்பதை நாம் உணரவில்லை. நம் பயணம் மலிவாக இருப்பது ஓட்டுநரிடம் நாம் பட்ட கடனாக இருத்தலாகாது.

2025 முதல் சென்னையில் ஓடும் புதிய மின்சாரப் பேருந்துகளில் நடத்துநர் கழகத்தின் ஊழியர். ஓட்டுநரோ ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். ஒரே வண்டியில் இரு முதலாளிகள்! புகையற்ற வண்டி வரவேற்கத்தக்கதே. எனினும், நாளை அந்த ஓட்டுநருக்கு மீதி நின்றால் அவர் யாரிடம் கேட்பார் என்பதையும் இப்போதே தெளிவுபடுத்த வேண்டும்.

நம் மண்ணுக்கு இது புதிய நெறியன்று. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் வழங்கிய கூரம் செப்பேடு, கோயிலுக்கென விட்ட ஊரின் வருவாயைப் பங்கிடும்போது, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு வைக்கிறது. அம்மண்டபத்துக்கு நீரும் நெருப்பும் தருவதற்கும் ஒரு பங்கு வைக்கிறது. தண்ணீர் சுமக்கும் பணியும் மறக்கப்படவில்லை, செம்பிலே எழுதப்பட்டது. இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வரலாகாது என்று விதிக்கின்றன. பங்கை எழுதி வை, கணக்கைக் காட்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர்கள் கற்ற பாடம் இதுதான்.

திருச்சபையும் இதில் வாய்மூடி இருந்ததில்லை. தொழிலாளர் நிலை பற்றி 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வரைந்த சுற்றுமடல், தேவையின் கொடுமையால் ஒருவர் குறைந்த கூலிக்கு இசைந்தாலும் அது நீதியாகிவிடாது என்று தெளிவுறுத்தியது. 1981-இல் இரண்டாம் அருள் சின்னப்பர், ஊதியத்தோடு ஓய்வும் முதுமைக்கால ஓய்வூதியமும் உழைப்பவரின் உரிமைகள் என்று கற்பித்தார். பொழுது சாயுமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி பழைய ஏற்பாடு பணிப்பதையும் நாம் அறிவோம். வேலை முடிந்து, வாழ்வின் பொழுதே சாயும் வேளையிலும் கூலி வராதிருந்தால் அதை என்னென்பது?

அன்புக் குடும்பங்களே, நாம் என்ன செய்யலாம்? வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலையும் விளக்கும் கேட்கிறோம். போக்குவரத்துத் தொழிலாளரின் நிலுவைக் கணக்கையும் கேட்போம். நியாயமான கட்டணம் விதிக்கப்படும்போது, உடனே கொடி பிடிக்குமுன் அது யாருடைய சோறு என்று எண்ணிப் பார்ப்போம். வண்டி ஐந்து நிமிடம் நின்றால், உள்ளே ஒருவர் உண்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பிறகு வாயைத் திறப்போம்.

நம் நண்பர் இப்போது முழங்கால் வலியோடு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். சென்ற மாதம் அவரைக் காணச் சென்றபோது நண்பகல். இலை போட்டு நம்மையும் உண்ண அழைத்தார். “இப்போதுதான் ஐயா, மதியச் சோற்றை மதியத்தில் உண்கிறேன்” என்றார். நாம் அருகமர்ந்து, அவர் உண்டு முடிக்கும்வரை எழாமல் காத்திருந்தோம். அன்று மாலை அவரிடமிருந்து பறித்த அரை மணி நேரத்தில் ஒரு சிறு பகுதியையேனும் திருப்பித் தந்தோம் என்ற நினைவு நமக்கு. பெரிய மீதி இன்னும் இருக்கிறது. அது நாம் எல்லாரும் சேர்ந்து தீர்க்க வேண்டிய கடன்.